அளவாக வைத்த இரத்தம்

ஜூன் 3, திங்கள்

லேப் ஏ.சி. மறுபடியும் ஒழுகுகிறது. மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வாளியை வைத்துவிட்டு வேலை பார்க்கிறோம். மெயின்டனன்ஸுக்குப் போன் செய்தால் 'ஆள் வருவார் மேடம்' என்கிறார்கள். அந்த ஆளை இந்தப் பிறவியில் நான் பார்க்கப்போவதில்லை. இந்த மருத்துவக் கல்லூரியில் மரபியல் துறை என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. குழந்தைகள் வார்டில் மட்டும்தான் எங்களைத் தேடுவார்கள்.

விலைக்கு வாங்கி வைத்திருந்த நார்மல் குப்பியும் தீர்ந்துவிட்டது. யாருடைய இரத்தத்தைச் சோதித்தாலும், குறையில்லாத ஒருவரின் இரத்தத்தையும் கூடவே வைத்து ஓட்ட வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் இது சரி, இது பாதி என்று சொல்ல முடியும். புதுக் குப்பி வர ஒரு மாதம் ஆகுமாம். எங்கள் டெக்னீஷியன் இருதயராஜ் அண்ணன் ஊசியும் கையுமாக வந்து நின்றார்.

"வேற யாரத் தேட? நீங்கதான் மேடம்."

உண்மைதான். குரோமோசோம் சோதனைக்கெல்லாம் வருஷக்கணக்காக என் இரத்தம்தான் நார்மல். ஃப்ரிட்ஜில் என் குழாய்க்கென்று ஓர் இடமே உண்டு. மாணவிகள் எனக்கு 'நார்மல் மேடம்' என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையை நீட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

கான்டீன் வடை வாசனை குமட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் பழசாக இருக்கும்.

ஜூன் 6, வியாழன்

குழந்தைகள் வார்டுக்குப் போனேன். முகிலன், ஆறு மாதம். கழுத்து நிற்கவில்லை. கால் அசைவதில்லை. அழுதால் சத்தம் வருவதில்லை. கண் மட்டும் அப்படியொரு வெளிச்சம். வருகிறவர்களை வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் தொடர்ந்து பார்க்கிறான். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக வாடிப்போகிற நோய். உலகத்தில் மருந்து இருக்கிறது. இந்த வார்டில் யாருக்கும் எட்டுகிற விலையில் இல்லை.

இந்த நோயில் கணக்கு எளிது. எல்லோருக்கும் அந்த ஜீன் இரண்டு இருக்கும், அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆள் நன்றாகத்தான் இருப்பார். குறையைச் சுமப்பது அவருக்கே தெரியாது. இரண்டும் இல்லாவிட்டால்தான் நோய். முகிலனுக்கு இரண்டும் இல்லை. அவன் அம்மா இசக்கிதேவிக்கு ஒன்று என்று போன மாதமே பார்த்துவிட்டோம். அப்பா சுடலைமணி லாரி டிரைவர், நாக்பூர் பக்கம் போயிருந்தவர் இன்றுதான் வந்து இரத்தம் கொடுத்தார். அவருக்கும் ஒன்று என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அடுத்த குழந்தை உண்டாகும்போது முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம்.

நான் போனபோது மனுஷன் நீட்டிய கால்மேல் குழந்தையைப் போட்டு, வாயாலேயே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கியர் மாற்றும்போதெல்லாம் முழங்காலை லேசாக ஆட்டுவார். முகிலனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. உதடு மட்டும் விரிந்தது.

"இவுக வந்துட்டா இவனுக்கு நான் ஆளே இல்ல மேடம்," என்றாள் இசக்கிதேவி. குறையாகச் சொல்லவில்லை.

குழந்தைகள் துறைப் பேராசிரியர் டாக்டர் ரபியா என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "உலகம்மை, அப்பா ரிசல்ட்ட சீக்கிரம் குடுத்துரு. இந்தப் பயலுக்கு ரொம்ப நாள் இல்ல. அதுக்குள்ள அவங்ககிட்ட பேசி முடிச்சிரணும்."

வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் ஒன்று வாங்கினேன். இரண்டு கோடு. கல்யாணமாகி ஏழு வருஷம். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை, கொஞ்ச நாள் போகட்டும். சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் கட்டியது என் அத்தை மகனைத்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

சுடலைமணிக்கு இரண்டு. என் இரத்தத்தோடு சரிக்குச் சரி. நார்மல்.

துறைத் தலைவர் நல்லசிவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பாகிட்ட ரெண்டும் இருக்குன்னா, பிள்ளைக்கு அவர்கிட்டேருந்து ஒண்ணு வந்திருக்கணுமேம்மா." இருவருக்கும் தெரிந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா? பிள்ளை அவருடையதாக இருக்க முடியாது.

கணக்கு இப்படி இடித்தால் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அது அவளுடைய பாதுகாப்புக்காக. ஆலோசனை அறையில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறோம்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்று சுடலைமணியிடம் சொன்னது நான்தான்.

சார் நயமாகத்தான் கேட்டார். இசக்கிதேவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். "சத்தியமா இல்ல சார். என் பிள்ள மேல சத்தியமா இல்ல." கதவின் மேல்பாதி கண்ணாடி. வெளியே நின்றவருக்குப் பேச்சு கேட்டிருக்காது. தலை ஆடியது தெரிந்திருக்கும்.

அவள் வெளியே போனதும் சுடலைமணி என்னிடம் வந்தார். "எனக்கு என்ன வந்துருக்கு மேடம்?"

அவருடைய ரிசல்ட்டை அவரிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை. நார்மல் என்றேன்.

"அவளுக்கு ஒண்ணு கம்மி. எனக்குக் கம்மி இல்ல. பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் கம்மி இருந்தாத்தான் இந்தச் சீக்கு வரும்னு நீங்கதான படம் போட்டுச் சொன்னீய?"

படம் போட்டது நான்தான். நன்றாகப் புரியும்படி போட்டிருந்தேன்.

ஜூன் 12, புதன்

சுடலைமணி நேற்றே ஊருக்குப் போய்விட்டாராம். போன் சுவிட்ச் ஆஃப்.

ஏ.சி. ஆள் வந்தார்.

ஜூன் 14, வெள்ளி

முகிலனுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்துவிட்டார்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போகிறது. யார் வந்தாலும் பார்க்கிறான், பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்குக் கண்ணைக் கொண்டுபோகிறான். அப்பாவைத்தான் தேடுகிறான் என்று நர்ஸ் சொன்னாள். ஆறு மாதக் குழந்தை அப்படியெல்லாம் தேடாது என்று சொல்லப்போய் வாயை மூடிக்கொண்டேன்.

ரபியா மேடம் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "உங்க துறைக்கு ரிப்போர்ட் கெடைச்சிட்டு. என் பிள்ளைக்கு அப்பா போயிட்டான். இவன் போறதுக்குள்ள அவன் வருவானா, அத மட்டும் சொல்லு."

இசக்கிதேவி குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"மிசினு பொய் சொல்லாதுன்னுட்டுப் போயிட்டாவ. அவுகள நான் குத்தம் சொல்ல மாட்டேன் மேடம், அவுக படிக்காத ஆளு. நீங்க படிச்சவுக. நீங்களும் அப்படித்தான் நெனைக்கியளா?"

"எதுக்கும் இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துருவோம்மா," என்றேன்.

அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன்: நான் அவளை நம்பவில்லை. மெஷினைத்தான் நம்பினேன்.

ஜூன் 15, சனி

அம்மா, அப்பா இருவருக்கும் மறுபடி சோதித்தால்தான் இறுதி ரிப்போர்ட் என்று சார் சொல்லிவிட்டார். அப்பா முன்பு கொடுத்த இரத்தத்தில் மிச்சம் இருந்தது. இசக்கிதேவியிடம் புதிதாக எடுத்தோம். இரண்டையும் ஒன்றாக ஓட்டினோம்.

இருதயராஜ் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "மேடம், இந்தம்மாவுக்கும் ரெண்டுன்னு வருது."

"போன மாசம் ஒண்ணுன்னு வந்துச்சே?"

"அதான் சொல்லுதேன்."

ஒரு மாதத்தில் யாருக்கும் ஜீன் கூடிவிடாது. குழாய் மாறியிருக்க வேண்டும். மறுபடி எடுத்து, மறுபடி ஓட்டினோம். மறுபடியும் இரண்டு.

ஜூன் 16, ஞாயிறு

அத்தான் ரசம் தாளித்தார். நான் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. ரபியா மேடம் தொழுகை முடித்த கையோடு புதுச் சேலையில் வார்டுக்கு வந்துவிட்டார், முகிலனுக்கு மூச்சு சரியில்லை என்று. நானும் இருதயராஜ் அண்ணனும் லேபைத் திறந்தோம். பிப்பெட்டை மாற்றினோம். கெமிக்கலை மாற்றினோம். மெஷினின் அளவுகளைச் சரிபார்த்தோம். இன்னொரு துறையின் மெஷினில் கெஞ்சிக் கேட்டு ஓட்டினோம். எல்லாவற்றிலும் அதே பதில்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு," என்றார் அவர். "ஒண்ண மட்டும் மாத்தல மேடம்." என் முகத்தைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்குத் தலை வலிக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன். தலை வலிக்கத்தான் செய்தது.

ஜூன் 18, செவ்வாய்

இருதயராஜ் அண்ணன், இரண்டு மாணவிகள், வாசல் செக்யூரிட்டி என்று நாலு பேரிடம் இரத்தம் எடுத்து, என் இரத்தத்தோடு ஓட்டினோம். நாலு பேருக்கும் என்னைப்போல இரண்டு மடங்கு.

ஒரு கிலோ என்று நம்பி அரைக்கிலோ கல்லைத் தராசில் வைத்திருக்கிறோம். எனக்கு இருப்பது ஒன்றுதான். என்னோடு சரிக்குச் சரி நின்ற சுடலைமணிக்கும் ஒன்றுதான். இசக்கிதேவிக்கு ஒன்றுதான், அவளுடைய முதல் சோதனை விலைக்கு வாங்கிய குப்பியோடு ஓடியதால் சரியாக வந்தது. முகிலன் அவர்கள் இருவருக்கும் பிறந்த பிள்ளை. அவள் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை.

சார் ரிப்போர்ட் ஃபைலை இழுத்துத் திறந்தார். "இந்த அளவ வச்சு வேற யாருக்கும் ரிப்போர்ட் குடுத்தோமா?"

"இவங்களுக்கு மட்டுந்தான் சார்."

"நானும் கையெழுத்துப் போட்டவன்தான். திருத்தின ரிப்போர்ட்ட இன்னைக்கே அனுப்பிருவோம்."

"அவர் போனே எடுக்கல சார். தபால் போய்ச் சேர்றதுக்குள்ள..." நானே நேரில் போகிறேன் என்றேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து காய்ச்சலில் இறந்தான் என்று மட்டும் தெரியும். அவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன்.

"ஏட்டி, எதுக்கு இப்ப அதக் கேக்க?"

"சும்மாதாம்மா."

"கழுத்தே நிக்கல. அழுதா சத்தம் வராது. எனக்குப் பால் பத்தல, அதான் தெம்பில்லன்னு எல்லாரும் சொன்னாவ. உங்கப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல." பிறகு, "கண்ணு மட்டும் அவ்வளவு அழகாயிருக்கும்" என்றாள்.

எத்தனையோ வீடுகளுக்கு வம்ச வரைபடம் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்குப் போட்டதில்லை. இன்றைக்கும் போடவில்லை. போட்டால் அப்பாவையும் அவர் கூடப்பிறந்த அத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அத்தைக்குக் கீழே அத்தானை எழுத வேண்டும்.

ஜூன் 19, புதன்

அத்தான் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தார். மின்வாரியத்தில் இவருக்கு லீவு வாங்குவது லேசில்லை. ஏன் எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை. கழுகுமலை தாண்டி ஒரு லாரி ஷெட்டில் சுடலைமணி டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "அவன் போயிட்டானா?" என்று கேட்டார்.

"இல்ல. இருக்கான்."

மறுபடி உட்கார்ந்துவிட்டார். அத்தான் காருக்குப் பக்கத்திலேயே நின்றார், பேச்சு கேட்கிற தூரத்தில். வேறு எங்கும் போகச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் நேராகச் சொல்லிவிட்டேன்.

"உங்க ரிசல்ட் தப்பு. உங்களுக்கும் ஒண்ணுதான் இருக்கு. முகிலன் உங்க பிள்ளை."

"மிசினு தப்பாப் போச்சோ?"

"மெஷின் தப்பில்ல. சரியான ஆளுன்னு நெனச்சு ஒருத்தர் ரத்தத்த பக்கத்துல வச்சு உங்க ரத்தத்த அளந்தோம். அந்த ஆளுக்கே ஒண்ணு கம்மி."

"எந்தப் பய அவன்?"

"நான்தான்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவும் இல்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "அவளப் பேசக்கூடாத பேச்சுப் பேசிட்டேனே மேடம்" என்றார். ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும், "என்னத் தேடினானா?" என்று கேட்டார்.

"வாசலையே பாத்துட்டு இருக்கான்," என்றேன். ஆறு மாதக் குழந்தை தேடுமா தேடாதா என்றெல்லாம் இப்போது எனக்குத் தெரியாது.

பின்சீட்டில் அழுக்குச் சட்டையோடு அப்படியே ஏறிவிட்டார். வார்டு வாசலில் இறக்கிவிட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

அத்தான் காரை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கும் ரத்தம் எடுக்கணும்லா?"

"எடுக்கணும்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா. ஏன் தள்ளிப்போடுத?"

அப்போதுதான் இரண்டு கோட்டைச் சொன்னேன். "தெரியும்," என்றார். "தாளிச்சா மாடிக்கு ஓடுத. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்." இருவரும் அழுதோம். பார்க்கிங்கில் ஹாரன் அடித்தார்கள்.

ஜூன் 20, வியாழன்

இசக்கிதேவி சுடலைமணியோடு பேசவில்லை. குழந்தையை மட்டும் கொடுத்தாளாம். கொடுத்துவிட்டுக் கான்டீனில் போய் நாலு இட்லி தின்றாள், இந்த வாரத்தில் முதல்தடவையாக. நான் எதிரே போய் உட்கார்ந்தேன். என் இரத்தத்தால் வந்த தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன நம்பலலா?" என்றாள்.

"நம்பல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்." இட்லியை விண்டுகொண்டே என் தம்ளரைப் பார்த்தாள். எல்லோரும் காப்பி குடிக்கும் இடத்தில் நான் சுடுதண்ணீர் வைத்திருந்தேன். "எத்தன மாசம் மேடம்?"

இரண்டு இன்னும் முடியவில்லை என்றேன்.

"உங்க வீட்டுச் சாரும் எங்கள மாதிரி சொந்தமா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, போகிற போக்கில் என் தோளைத் தொட்டாள். "சார் ரத்தத்தச் சீக்கிரம் பாத்துருங்க. என்னக் கணக்கா இருந்துராதீய."

வார்டில் எட்டிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் குழாயோடு லாரி ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை சத்தமே இல்லாமல், முழங்கால் மட்டும்.

ஜூன் 22, சனி

அத்தானிடம் இரத்தம் எடுத்தார்கள். சொந்தக்காரர் இரத்தத்தை நாங்களே சோதிக்கக்கூடாது. இருதயராஜ் அண்ணன்தான் ஓட்டுவார், சார்தான் படிப்பார். அளவுக்கு இப்போது நாலு பேர் இரத்தம் வைத்திருக்கிறோம். என் குழாயை ஃப்ரிட்ஜிலிருந்து நானே எடுத்துக் குப்பைக்குப் போகிற சிவப்புப் பையில் போட்டேன்.

"எப்ப தெரியும்?" என்று அத்தான் கேட்டார். "அஞ்சாறு நாள் ஆகும்" என்றேன். எல்லோரிடமும் இதையேதான் சொல்வேன். இந்த அஞ்சாறு நாளை அவர்கள் எப்படித்தான் ஓட்டினார்களோ.

ஜூன் 25, செவ்வாய்

முகிலன் இன்று காலை போய்விட்டான். அப்பா மடியில்தான். இசக்கிதேவி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். ரபியா மேடம் போன் செய்து சொல்லிவிட்டு, "அப்பன் வந்து சேந்துட்டான்ல, அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. எட்டு நாளை அந்தக் குழந்தையிடமிருந்து நான் எடுத்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது சுடலைமணி மனைவிக்குக் கை கொடுத்தார். அவள் பிடித்து ஏறினாள். திருத்திய ரிப்போர்ட்டை அவள் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம்.

ஜூன் 27, வியாழன்

மூன்று மணிக்கு நல்லசிவன் சார் கூப்பிட்டார். அத்தானும் வந்திருந்தார். ஆலோசனை அறைக் கதவைத் திறந்த சார், தரையைப் பார்த்துக்கொண்டு, "உலகம்மை, நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள வாங்கம்மா" என்றார். அத்தான் சரி என்று பின்னால் நகர்ந்தார். எல்லோரும் அப்படித்தான் நகர்கிறார்கள்.

"வேண்டாம் சார்," என்றேன்.

வராந்தாவில் கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கினேன். கனமான இரும்பு நாற்காலி. இருதயராஜ் அண்ணன் பதறி ஓடிவந்து என் கையிலிருந்து அதை வாங்கி, உள்ளே இருந்த ஒற்றை நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். அத்தானை உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அறை வேறு மாதிரி இருக்கிறது, ஜன்னலே தெரியவில்லை.

"இப்ப சொல்லுங்க சார்."

சார் சொன்னார். அத்தானுக்கும் ஒன்றுதான்.

அடுத்த மாதம் வயிற்றிலிருக்கும் கருவின் செல் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் அந்த நோய் இருக்க வாய்ப்பு நாலில் ஒன்று என்றார். தினமும் நான் பிறருக்குச் சொல்கிற கணக்கு, ஒரு சொல்லும் காதில் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ நடந்து போனார்கள். அத்தான் எழுந்து போகவில்லை. எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று அவர்தான் கேட்டார்.